நீர்த்தாவரம் இறாலுக்குத் தீவனமாகுமா? மணலி புதுநகர் அருகே ஒரு நன்னீர்க் குளத்தின் நிகழ்வு ஆய்வு

நன்னீர் இறால் வளர்ப்பில் நடைமுறைச் செலவின் ஏறத்தாழ பாதி தீவனத்துக்கே போய்விடுகிறது. ஏரியிலும் கால்வாயிலும் கேட்பாரற்று மண்டிக் கிடக்கும் நீர்த்தாவரங்களை அள்ளிப் போட்டு அந்தச் செலவைக் குறைக்க முடியாதா என்று, வட சென்னைப் புறநகரில் சிறு குளம் வைத்திருக்கும் ஒவ்வொருவரும் ஏதாவது ஒரு கட்டத்தில் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதுதான். இங்கே வளர்க்கும் நன்னீர் இறால் இனமான நீலக்கால் இறால் தாவரமும் தின்னும் என்று வளர்ப்புக் கையேடுகள் எல்லாம் சொல்கின்றன. எந்தத் தாவரம், அதன் எந்தப் பகுதி, எந்த அளவு, எந்த நீரில் வளர்ந்தது என்ற விவரங்களுக்குள் அந்தக் கையேடுகள் பெரும்பாலும் போவதில்லை. அந்த விவரங்கள் ஒரு குளத்தில் எப்படித் தெரியவந்தன என்பதை இங்கே பதிவு செய்கிறேன். குளத்தின் உரிமையாளர் இசைவு தந்திருக்கிறார். அவருடைய பெயரும் இடத்தின் அடையாளமும் தவிர்க்கப்பட்டுள்ளன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடுவது படிப்பவருக்கு உதவும். நீலக்கால் இறால் நீர்த்தாவரத்தை ஓரளவுதான் தின்கிறது. அந்தத் தாவரத்தின் மேல் படிந்து வளர்வதைத்தான் பெரிதும் தின்கிறது. இதைக் கருதாமல் குருணைத் தீவனத்தைப் பாதியாக்கினால் இறால் வயிறு காய்ந்து ஒன்றையொன்று கடிக்கும். கருதிச் செய்தால், குளத்தின் சிறு பகுதியில் அளவாக வைக்கப்பட்ட தாவரம் நல்ல பலன் தரும்.

குளமும் நீரும்

மணலி புதுநகரைக் கடந்து மீஞ்சூர் போகும் சாலையிலிருந்து மேற்கே உள்ளடங்கி இருக்கிறது குளம். முன்பு நெல் விளைந்த களிமண் நிலம். பரப்பு அரை ஏக்கர், அதாவது ஏறத்தாழ 2,000 சதுர மீட்டர்; சராசரி ஆழம் நான்கு அடி. பருவமழையில் தேங்கும் நீரே அடிப்படை. கோடையில் குறைவதை ஆழ்துளைக் கிணற்று நீரால் ஈடுசெய்கிறார்கள். நீரில் காற்றைக் கலக்கும் ஏரேட்டர் கிடையாது. நீரை இறைத்து மறுபடியும் குளத்திலேயே விழச் செய்ய ஒரு மோட்டார் மட்டும் உண்டு.

இந்த வட்டாரத்தின் ஆழ்துளை நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஆரணியாறு, கொசஸ்தலையாறு படுகையின் நிலத்தடி நீரைக் குடிநீருக்கும் தொழிற்சாலைக்கும் பாசனத்துக்குமாக அளவு மீறி இறைத்ததால், மீஞ்சூர்ப் பக்கம் 1960களின் இறுதியிலிருந்தே கடல்நீர் நிலத்தடியில் உள்நோக்கி ஏறத் தொடங்கிவிட்டது. அதன் விளைவாகப் பல கிணறுகளின் நீர் உப்பும் கடினத்தன்மையும் கூடியது. நீலக்கால் இறாலுக்கு லேசான உப்பு பெரிய தடை அன்று. அதன் இளவுயிரிகளே லிட்டருக்கு 12 கிராம் அளவு உப்புள்ள உவர்நீரில்தான் பிழைக்கும். 1960களின் தொடக்கத்தில் மலேசியாவின் பினாங்கில் ஷாவ்-வென் லிங் இதைக் கண்டறிந்த பிறகே பொரிப்பகத்தில் குஞ்சு எடுக்க வழி பிறந்தது. ஆனால் கடினத்தன்மை லிட்டருக்கு 300 மில்லிகிராமைத் தாண்டும் நீரில் இறாலின் வளர்ச்சி மந்தமாகும். உப்பும் கடினத்தன்மையும் தாவரங்களையும் பாதிக்கும். இந்தக் குளத்தில் பிறகு நடந்த பலவற்றுக்கு இதுவும் ஒரு காரணம்.

ஜனவரி இறுதியில், நாற்றங்கால் தொட்டியில் வளர்த்த இறால் குஞ்சுகள் சதுர மீட்டருக்கு 4 வீதம், மொத்தம் 8,000 விடப்பட்டன. மிதவை உயிரிகளை வடித்துத் தின்னச் சில கட்லா மீன்களும் விடப்பட்டன. அடிச்சேற்றைக் கிளறித் தின்னும் மிர்காலையும் சாதாக் கெண்டையையும் உரிமையாளர் தவிர்த்தது சரியான முடிவு. அவை இறாலின் உணவுக்கே போட்டிக்கு வருபவை.

செய்தது என்ன, நேர்ந்தது என்ன

மார்ச் மாதம் வரை முழு அளவு குருணைத் தீவனம் போடப்பட்டது. அதன் பிறகு உரிமையாளர், பக்கத்துக் கால்வாயிலிருந்து வெங்காயத்தாமரையை மூன்று சக்கர வண்டியில் கொண்டுவந்து குளத்தில் விட்டார். அது பரவிச் சில வாரங்களில் நீர்ப்பரப்பின் மூன்றில் ஒரு பங்கை மூடியது. ஆழம் குறைந்த மேற்கு மூலையில், நீருக்குள் மூழ்கி வளரும் செடியான வேலம்பாசியை (ஹைட்ரில்லா) நட்டார். இவற்றை நம்பிக் குருணையைப் பாதியாகக் குறைத்தார்.

தொடக்கத்தில் எல்லாம் நல்லதாகவே தெரிந்தது. கலங்கிய பச்சை நீர் தெளிந்தது. தீவனம் தின்னப்படுவதைப் பார்க்க நீருக்குள் இறக்கும் தட்டான செக் ட்ரேயில் ஏறிய இறால்களின் ஓடு பளபளப்பாக இருந்தது. குடல் கோடு நிறைந்து கருத்துத் தெரிந்தது. பார்ப்பவர் யாரும் இறால் வயிறு நிறையத் தின்கிறது என்றே சொல்வார்கள். ஆனால் ஏப்ரல் முதல் வாரத்து எடை பார்ப்பில் வளர்ச்சி ஏறக்குறைய நின்றுபோயிருந்தது. இடுக்கி இழந்த இறால்களும், வாலில் கடிபட்ட இறால்களும் வலையில் மிகுந்தன. அடுத்த வாரம் ஒரு விடியற்காலையில் இறால்கள் கரையோரம் வந்து ஒதுங்கின. சில, உணர்கொம்பு நீருக்கு மேலே தெரிய, கரைப்புல்லின் தண்டைப் பற்றி ஏறி நின்றன. அன்று காலை இறந்தவற்றில் பெரும்பாலானவை ஓடுரித்து, அதாவது பழைய ஓட்டைக் கழற்றி, உடல் மென்மையாக இருந்தவை. அந்த நிலையில்தான் இந்தக் குளம் என் கவனத்துக்கு வந்தது.

செக் ட்ரேயும் குடலும் காட்டியவை

முதலில் செய்ய வேண்டியது, இறால் உண்மையில் எதைத் தின்கிறது என்று பார்ப்பதுதான். இந்த உயிரினம் பகலில் அடியில் பதுங்கி, இருட்டிய பிறகு மேய்வது. ஆகவே பார்வையும் இரவில்தான் நடந்தது. ஒரு செக் ட்ரேயில் நறுக்கிய வெங்காயத்தாமரை இலையும் தண்டும், இரண்டாவதில் அதே செடியின் வேர்க்கொத்து, மூன்றாவதில் வேலம்பாசிக் கொத்து, நான்காவதில் வழக்கமான குருணை என்று வைத்து, டார்ச் வெளிச்சத்துக்குச் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றிக் கவனித்தோம்.

குருணைத் தட்டுக்கு இறால்கள் சில நிமிடங்களில் வந்தன. வேர்க்கொத்துத் தட்டு சற்றுத் தாமதித்து நிறைந்தது. இலையும் தண்டும் இருந்த தட்டின் மேல் ஏறிய இறால்கள் தடவிப் பார்த்துவிட்டு இறங்கின. காலையில் எடுத்தபோது தண்டின் விளிம்பில் மட்டும் கொறித்த அடையாளம் இருந்தது. உரிமையாளர் இதை முன்பே கண்டிருந்தார். "தண்டைத் தொடவே மாட்டேங்குது சார், வேரைத்தான் புடிச்சி மேயுது" என்றார்.

வேரை அருகில் வைத்துப் பார்த்தால் காரணம் தெளிவாகும். வெங்காயத்தாமரையின் வேர், மெல்லிய இழைகள் அடர்ந்த கருநீலக் குஞ்சம். அதை வெள்ளைப் பிளாஸ்டிக் தட்டில் அலசியபோது மட்கிய துகள்களுடன் மிளகளவு நத்தைகள், ரத்தப்புழுக்கள், தட்டானின் நீர்வாழ் இளம்புழுக்கள், நத்தை முட்டைகளின் பசைத் திட்டுகள் ஆகியவை வெளிவந்தன. இறால் தன் முதல் கால் இணையின் சிறு இடுக்கிகளால் வேரிழைகளைச் சீப்பால் வாருவது போல வாரி, அகப்பட்டதை வாய்க்குக் கொண்டுபோகிறது. வேரிழை பெரும்பாலும் அப்படியே மிஞ்சுகிறது. வேலம்பாசியில் கதை சற்று வேறு. அதன் இளந்தளிரும் நுனியிலைகளும் கடிபட்டிருந்தன. முதிர்ந்த இலைகளின் மேல் படிந்திருந்த வழவழப்பான பழுப்புப் படலம் மட்டும் சுரண்டப்பட்டு, இலை வெளிர்பச்சையாகத் துலங்கியது. ஆழ்துளை நீரின் கடினத்தன்மையால் முதிர்ந்த இலைகளில் சுண்ணப்படிவு ஏறி நறநறவென்று இருந்தது. அவற்றை இறால் ஒதுக்கியதில் வியப்பில்லை.

சில இறால்களின் குடலை வெட்டி நுண்ணோக்கியில் பார்த்தது இதை உறுதிப்படுத்தியது. கருத்துத் தெரிந்த குடலில் இருந்தது பெரும்பாலும் மட்கிய துகளும் மணலும். அவற்றுக்கிடையே டயாட்டம் என்னும் நுண்பாசிகளின் கண்ணாடி ஓடுகள், பூச்சிகளின் தாடைத் துண்டுகள், செல் சுவர் உடையாமலே கடந்துபோன இலைத் துணுக்குகள். இறாலின் செரிமானச் சுரப்பியில் செல்லுலோஸைச் சிதைக்கும் ஆற்றல் ஓரளவு உண்டு. ஆனால் மாட்டுக்கு இருப்பது போன்ற அசையிரைப்பையோ நீண்ட நொதித்தலுக்கு இடமோ அதற்குக் கிடையாது. உணவு சில மணி நேரத்தில் குடலைக் கடந்துவிடுகிறது. நிறைந்த குடலைப் பார்த்து நிறைந்த ஊட்டம் என்று எடுத்துக்கொள்ள முடியாது. இந்த இடத்தில்தான் பல வளர்ப்பாளர்கள் ஏமாறுகிறார்கள் என்பது என் கருத்து.

தாவரத்தில் இறாலுக்கு ஒன்றுமே இல்லை என்று சொல்லவில்லை. ஓடுடைய நீர்வாழ் உயிரினங்கள் தம் நிறத்துக்கான கரோட்டினாய்டுகளைத் தாமே ஆக்கிக்கொள்ள முடியாது. உணவிலிருந்துதான் பெற வேண்டும். பசுந்தாவரத்தின் பீட்டா கரோட்டினை இறால் தன் உடலில் அஸ்டாசாந்தின் என்ற நிறமியாக மாற்றிக்கொள்கிறது. தெளிவான நிறமும் பளபளத்த ஓடும் இதனால் வரக்கூடியவை. வைட்டமின் சி-யும் இளந்தளிரில் கிடைக்கிறது. ஆனால் கொலஸ்டிராலை உடலில் உருவாக்கிக்கொள்ள இறாலால் முடியாது. அது ஓடுரிப்பு ஹார்மோனுக்கு அடிப்படை. தாவரத்தின் ஸ்டிரால்கள் அதைப் பகுதியளவே ஈடுசெய்யும். மெத்தியோனின், லைசின் போன்ற அமினோ அமிலங்களிலும் தாவரம் மீன்தூளுக்கு இணையாகாது.

நூறு கிலோவில் எத்தனை கிலோ தீவனம்

உரிமையாளரோடு அமர்ந்து போட்ட கணக்கு இது. எந்தக் குளத்துக்கும் பொருந்தும். நீரில் மிதக்கும் சிறு பெரணிச் செடியான அசோலாவை எடுத்துக்கொள்வோம், ஏனெனில் எளிதில் கிடைக்கும் நீர்த்தாவரங்களில் புரதம் கூடுதலான ஒன்று அது. ஈர அசோலாவில் நூற்றுக்கு 94 பங்கு வரை நீர். 100 கிலோவை உலர்த்தினால் 6 கிலோ மிஞ்சும். உலர்ந்ததில் புரதம் நூற்றுக்கு 25 என்று தாராளமாகவே வைத்தாலும் கிடைப்பது ஒன்றரைக் கிலோ. நூற்றுக்கு 30 புரதமுள்ள குருணையில் அதே ஒன்றரைக் கிலோ, 5 கிலோவில் இருக்கிறது. அதாவது 100 கிலோ பச்சை அசோலா, அத்தனையும் தின்னப்பட்டு அத்தனையும் செரித்தாலும், 5 கிலோ குருணைக்குத்தான் ஈடு.

குளத்தில் 100 கிலோ இறால் இருந்து, உடல் எடையில் நூற்றுக்கு 3 வீதம் தீவனம் என்றால் நாளுக்கு 3 கிலோ குருணை வேண்டும். அதை அசோலாவாகக் கொடுக்க நாளுக்கு 60 கிலோ தேவை. நன்றாகப் பராமரிக்கப்படும் அசோலாப் பாத்தி சதுர மீட்டருக்கு நாளுக்கு 200 கிராம் தந்தால் 300 சதுர மீட்டர் பாத்தி வேண்டும். இந்தக் குளத்தின் பரப்பில் ஏழில் ஒரு பங்கு. வெங்காயத்தாமரையில் கணக்கு இன்னும் மோசம். அதன் புரதம் இலையில்தான் ஓரளவு உண்டு. காற்றடைத்த தண்டில் நாரும் நீருமே மிகுதி, கால்சியம் ஆக்சலேட் படிகங்களும் உண்டு. வேலம்பாசியின் உலர் எடையில் சாம்பல் பங்கு பெரிது.

இன்னொன்றும் உண்டு. இறால் அடித்தளத்தில் மேய்வது, அசோலாவோ மிதப்பது. பச்சை அசோலாவை அப்படியே தூவினால் காற்று அதை ஒரு மூலையில் ஒதுக்கும், இறாலுக்கு எட்டாது. புல்கெண்டை இருந்தால் அது தின்று கழிக்கும் எச்சத்திலிருந்து இறாலுக்கு ஏதோ கிடைக்கும். நேரடியாக அசோலா இறாலுக்குப் போக வேண்டுமானால் வாட்டி மூழ்க வைக்க வேண்டும், அல்லது உலர்த்திப் பொடியாக்கித் தீவனத்தில் சேர்க்க வேண்டும்.

விடியற்காலை நிகழ்ந்தது

இறால்கள் கரையேறிய காரணத்தை அறிய அதிகாலை ஐந்து மணிக்கும் பிற்பகல் மூன்று மணிக்கும் நீரை அளந்தோம். அதிகாலையில் கரைந்த ஆக்சிஜன் லிட்டருக்கு 2 மில்லிகிராமுக்கும் கீழே இருந்தது. நன்னீர் இறாலுக்கு 3-க்குக் குறையாமல் இருக்க வேண்டும், ஓடுரிக்கும் நேரத்தில் இன்னும் கூடுதலாக வேண்டும். வேலம்பாசி மண்டிய மூலையில் பிற்பகல் பிஎச் (நீரின் அமில, கார அளவு) 9-ஐத் தாண்டியிருந்தது.

இரண்டும் ஒரே செயலின் இரு பக்கங்கள். பகலில் மூழ்கிய பாசி கரியமில வாயுவை இழுத்துக்கொள்வதால் பிஎச் ஏறும். இரவில் அதே பாசி ஆக்சிஜனைச் சுவாசித்துத் தீர்க்கும். வெங்காயத்தாமரையோ இலை காற்றிலும் வேர் நீரிலுமாக இருப்பதால், பகலில் அது வெளியிடும் ஆக்சிஜன் பெரும்பாலும் காற்றுக்குப் போகிறது. நீருக்குக் கிடைப்பது நிழலும் உதிர்ந்து அழுகும் வேரும்தான். மேற்பரப்பை மூடுவதால் காற்றிலிருந்து ஆக்சிஜன் கலப்பதும் தடைபடுகிறது. நீர் தெளிந்ததை உரிமையாளர் நற்குறியாகக் கண்டிருந்தார். உண்மையில் தாவரம் சத்தையும் வெளிச்சத்தையும் பறித்துக்கொண்டதால் மிதவைப் பாசி பட்டுப்போனதன் அடையாளம் அது. பகலில் குளத்துக்கு ஆக்சிஜன் ஊட்டிக்கொண்டிருந்தது அந்தப் பாசிதான்.

பிஎச் ஏறுவதன் தீங்கு அதோடு நிற்பதில்லை. 30 டிகிரி வெப்ப நீரில் பிஎச் 8 ஆக இருக்கும்போது மொத்த அம்மோனியாவில் நூற்றுக்கு 7 அல்லது 8 பங்கே நச்சு வடிவில் இருக்கும். பிஎச் 9-ல் அது 45-ஐ நெருங்கும். கழிவும் அழுகும் வேரும் சேர்ந்த ஏப்ரல் மாதக் குளத்தில் இந்த ஏற்றம் சிறிய விஷயம் அன்று.

தாவரம் வந்த இடம்

வட சென்னையில் இந்தப் பொருளைப் பேசும்போது எனக்கு மிகவும் கவலை தருவது இந்தப் பகுதிதான். வெங்காயத்தாமரை நீரில் உள்ள காட்மியம், ஈயம், குரோமியம் போன்ற உலோகங்களை உறிஞ்சித் தேக்கிக்கொள்ளும். கழிவுநீரைச் சுத்திகரிக்க அதை உலகெங்கும் ஆராய்ந்ததே இந்தக் குணத்துக்காகத்தான். தேங்கும் உலோகம் இலையைவிட வேரிலேயே கூடுதலாக இருக்கும். செக் ட்ரே காட்டியதை இதோடு சேர்த்துப் பாருங்கள்: இறால் விரும்பி வாரித் தின்னும் பகுதியும் அந்த வேரேதான்.

மணலி, எண்ணூர்ப் பகுதி பல பத்தாண்டுகளாகத் தொழிற்சாலைகள் செறிந்த நிலம். எண்ணூர் முகத்துவாரத்தில் அனல்மின் நிலையச் சாம்பல் படிந்திருப்பதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் பரவி மீனவர்கள் பிழைப்பிழந்ததும் எல்லோரும் அறிந்தவை. பக்கிங்காம் கால்வாயிலோ, கழிவுநீர் கலக்கும் ஓடையிலோ, கொசஸ்தலையாற்றின் கீழ்ப்பகுதியிலோ எடுத்த தாவரத்தை உண்ணும் உயிரினத்தின் குளத்தில் இடவே கூடாது. ஆய்வகத்தில் சோதித்து ஒருமுறை நல்லது என்று வந்தாலும், அடுத்த மழைக்குப் பின் அதே கால்வாயின் நிலை வேறாக இருக்கலாம். உலோகங்கள் இறாலின் சதையைவிடத் தலைப்பகுதியில் உள்ள செரிமானச் சுரப்பியில் கூடுதலாகச் சேர்கின்றன. நம் வீடுகளில் நீலக்கால் இறாலின் தலையைக் குழம்பில் போட்டு உறிஞ்சிச் சாப்பிடுவது வழக்கம். குழந்தைகள் அதை விரும்பிக் கேட்பார்கள்.

உயிர்வழித் தீங்கும் உண்டு. வேரோடு வரும் தட்டான் இளம்புழுவும் பெரிய நீர்ப்பூச்சிகளும் இறால் குஞ்சுகளைப் பிடித்துத் தின்னும். 2000களின் தொடக்கத்தில் தமிழ்நாட்டுப் பொரிப்பகங்களிலும் ஆந்திரப் பொரிப்பகங்களிலும் குஞ்சுகளைக் கொத்துக் கொத்தாகக் கொன்ற வெள்ளை வால் நோயின் வைரஸை இத்தகைய நீர்ப்பூச்சிகள் சுமக்கக்கூடும் என்பதும் ஆய்வில் தெரியவந்தது. வேறொரு பண்ணையின் வடிகாலில் எடுத்த செடி அந்தப் பண்ணையின் நோயையும் கொண்டுவரலாம்.

கொளத்தூர் அலங்கார மீன் சந்தையில் சுத்தமான நீர்த்தாவரம் கிடைக்குமே என்று உரிமையாளர் கேட்டார். பார்வைக்குச் சுத்தம்தான், ஆனால் மீன்தொட்டிச் செடிகளில் நத்தையை ஒழிக்கச் செப்புச் சேர்ந்த மருந்து பயன்படுத்தும் வழக்கம் உண்டு. மீனுக்குத் தாங்கும் செப்பு இறாலைக் கொல்லும். பூச்சிமருந்து அடித்த கீரைத் தோட்டத்து வள்ளைக்கீரைக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். பைரித்ராய்டு வகை மருந்துகள் மிக நுண்ணிய அளவிலேயே இறாலுக்கு எமன். ஆகவே ஒரு வழிதான் மிஞ்சுகிறது. வேண்டிய தாவரத்தை நாமே, நமக்குத் தெரிந்த நீரில் வளர்க்க வேண்டும்.

மாற்றியமைத்த முறை

ஏப்ரல் நடுவில் முதலில் குருணை முழு அளவுக்குத் திரும்பியது. வெங்காயத்தாமரை முழுவதும் அகற்றப்பட்டது. ஒரே நாளில் எடுத்தால் அடிச்சேறு கலங்கி உள்ள ஆக்சிஜனும் போகும் என்பதால், பகுதி பகுதியாக, வெயில் ஏறிய பிறகு எடுக்கப்பட்டது. எடுத்த செடி கரையில் மட்க விடப்படவில்லை, ஏனெனில் மழையில் அது மறுபடியும் குளத்துக்குத்தான் வரும். இரவு இரண்டு மணி முதல் விடியும்வரை மோட்டார் ஓடியது.

வேலம்பாசி அகற்றப்படவில்லை. மூங்கில் சட்டங்களுக்குள் அடக்கி, குளத்தின் பரப்பில் பத்தில் ஒரு பங்குக்குள் நிறுத்தப்பட்டது. வாரந்தோறும் முதிர்ந்த பகுதி அரிந்து எடுக்கப்பட்டது. அரியும்போது சட்டத்துக்குள் ஓடுரித்த இறால்கள் அடைக்கலம் புகுந்திருப்பதைப் பார்க்க முடிந்தது. நீலக்கால் இறாலில் பெரிய நீல இடுக்கி ஆண்கள் சிறியவற்றை அடக்கி வைக்கும். ஓடுரித்த சில மணி நேரம் எந்த இறாலும் மற்றவற்றுக்கு இரை. அந்த நேரத்தில் ஒளிய ஓர் இடம் இருப்பது, என் மதிப்பீட்டில், அந்தப் பாசி உணவாகத் தரும் பலனைவிடப் பெரிய பலன். தாவரம் இல்லாத பகுதியில் தென்னை மட்டைகளும் மூங்கில் கிளைகளும் செங்குத்தாக நடப்பட்டன. அவற்றின் மேல் படியும் ஒட்டுப்பாசியும் அதில் வாழும் சிற்றுயிர்களும் இறாலுக்கு இயற்கை உணவாகின்றன. இரவில் மட்டை ஆக்சிஜனைச் செடியைப் போலச் சுவாசித்துத் தீர்ப்பதில்லை. ஒரு மட்டை அழுகத் தொடங்கும் முன் அதை மாற்ற வேண்டும், அவ்வளவுதான்.

அசோலாவுக்குக் குளக்கரையில் சில்பாலின் என்ற பிளாஸ்டிக் தார்ப்பாய் விரித்த பாத்திகள் அமைக்கப்பட்டன. சலித்த மண், மாட்டுச்சாணக் கரைசல், சிறிது சூப்பர் பாஸ்பேட், ஒரு சாண் அளவுக்குக் குறைந்த நீர். ஆழ்துளை நீரை ஊற்றிய பாத்தியில் அசோலா சில நாட்களில் சிவந்து சிறுத்தது. ஏப்ரல், மே வெயிலும் அசோலாவைச் சிவக்க வைக்கும் என்பதால் பசுமை வலை கட்டிப் பார்த்தார்கள். வலையின் கீழும் அந்தப் பாத்தி தேறவில்லை. தேக்கி வைத்த மழைநீரில் வைத்த பாத்தி மட்டும் தழைத்தது. இந்த வட்டாரத்தில் அசோலா வைக்க நினைப்பவர் முதலில் தம் நீரின் உப்பை அளக்க வேண்டும்.

அறுத்த அசோலா சாண வாடை போக அலசப்பட்டு, நிழலில் உலர்த்திப் பொடியாக்கப்பட்டது. அந்தப் பொடியுடன் தவிடு, கடலைப் புண்ணாக்கு, காசிமேட்டில் வாங்கிய உப்பிடாத கருவாட்டுத் தூள் சேர்த்து, வெல்லக் கரைசல் தெளித்து, மூடிய டிரம்மில் மூன்று நாள் புளிக்க வைத்தார்கள். புளித்த மாவின் வாடை வந்தால் சரி. அழுகல் நாற்றம் வந்தால் கொட்டிவிட வேண்டும். காசிமேட்டில் மலிவாகக் கிடைக்கும் இறால் தலையையும் ஓட்டையும் பச்சையாகச் சேர்க்க வேண்டாம் என்று கறாராகச் சொன்னேன்; கடல் இறாலின் வெண்புள்ளி வைரஸ் அந்த வழியே பண்ணைக்குள் நுழையும். புளித்த கலவையில் காய்ச்சிய மரவள்ளிக் கிழங்கு மாவைப் பிசைந்து, முறுக்கு அச்சில் பிழிந்து, வெயிலில் உலர்த்தினார்கள். இறால் உணவை உடனே விழுங்குவதில்லை. இடுக்கியால் பற்றி எடுத்துப்போய், கிள்ளிக் கிள்ளித் தின்னும். ஆகவே தீவனம் நீரில் இரண்டு மணி நேரமாவது கரையாமல் நிற்க வேண்டும். ஒவ்வொரு முறையும் ஒரு கண்ணாடித் தம்ளர் நீரில் இட்டுப் பார்த்த பிறகே குளத்துக்குப் போனது.

கலவையில் அசோலாப் பொடி நூற்றுக்கு 15-ஐத் தாண்டவில்லை. தாவரப் பொடி கூடக் கூட நாரும் கூடிச் செரிமானம் குறையும். மாலைத் தீவனத்தில் ஒரு பகுதி மட்டும் இந்தக் கைத்தீவனம், மற்றதெல்லாம் குருணையே.

கிடைத்தது

மே மாதத்திலிருந்து எடை பார்ப்பில் வளர்ச்சி மீண்டது. கடிபட்ட இறால்கள் குறைந்தன. ஜூலையில் பெரிய நீல இடுக்கி ஆண்களை மட்டும் வலையிட்டு எடுத்தார்கள். அதன் பிறகு சிறியவை வேகமாகத் தேறின. இந்த இனத்தில் இது எதிர்பார்க்கத்தக்கதே. ஆகஸ்டில் குளத்தை வடித்தபோது, விட்டவற்றில் பாதிக்குச் சற்றுக் கூடுதலாகக் கிடைத்தன. ஏப்ரல் இழப்பையும் உட்கொண்ட கணக்கு அது.

இந்த மீட்சியில் அசோலாவுக்கு எவ்வளவு பங்கு, தென்னை மட்டைக்கு எவ்வளவு, குருணை முழு அளவுக்குத் திரும்பியதற்கு எவ்வளவு, இரவு மோட்டாருக்கு எவ்வளவு என்று இந்த ஒரு குளத்தை வைத்துப் பிரித்துச் சொல்ல முடியாது. ஒப்பிட இன்னொரு குளம் இல்லை; எல்லா மாற்றங்களும் ஒரே மாதத்தில் செய்யப்பட்டவை. வரிசைப்படுத்தச் சொன்னால், குருணையையும் ஆக்சிஜனையும் முதலிலும், ஒளிந்துகொள்ளும் இடத்தை அடுத்தும், அசோலாவைக் கடைசியிலும் வைப்பேன். கைத்தீவனம் குருணைச் செலவில் ஒரு பகுதியை மிச்சப்படுத்தியது உண்மை. அலசவும் உலர்த்தவும் பிழியவும் வீட்டார் இருவர் தந்த உழைப்பைக் கூலியாகக் கணக்கிட்டால் அந்த மிச்சம் மெலிந்துவிடும். வீட்டு உழைப்பு உள்ள சிறு குளத்துக்கே இந்த முறை பொருந்தும்.

வலை இழுப்பில் ஒரு நடைமுறைச் சிக்கல் எழுந்தது. வேலம்பாசிச் சட்டங்களை ஜூலை இழுப்புக்கு முந்தைய நாள்தான் எடுத்தார்கள்; அறுந்த பாசி வலைக்கண்களில் சுருண்டு வலை கனத்து, அடிக்கயிறு தூக்கிக்கொள்ள, அதன் கீழே இறால்கள் நழுவின. ஆகஸ்ட் வடிப்புக்குப் பத்து நாள் முன்பே குளம் பாசியின்றித் துப்புரவாக்கப்பட்டது. அடைக்கலம் இல்லாத அந்த நாட்களுக்காகத் தென்னை மட்டைகள் மட்டும் கடைசிவரை இருந்தன. அவற்றைக் கையால் எடுத்துவிட முடியும்.

இப்போது குளம் காய்கிறது. வடகிழக்குப் பருவமழை நீரைப் பிடித்து, அடுத்த ஜனவரியில்தான் மறுபடியும் குஞ்சு விடுவார்கள். குளம் காய்ந்தால் பாசி செத்துவிடும் என்று விட்டுவிடக் கூடாது: வேலம்பாசி சேற்றுக்குள் விடும் சிறு கிழங்குகளும், உதிர்ந்த வெங்காயத்தாமரை விதைகளும் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்கும். அதனால் மேற்கு மூலையின் மேல்சேற்றை அரையடி ஆழத்துக்கு வழித்து வெளிக்கரைக்குக் கொண்டுபோகிறார்கள். அதன் பிறகு சுண்ணாம்பு இட்டு, மழைநீர் நுழையும் மதகில் இரட்டை வலை கட்டப்படும்.